பொய்ப் பொன்னும் பொய்ப் பழமையும்

1896இல் பாரிசின் லூவர் அருங்காட்சியகம் ஒரு பொன் முடியை இரண்டு லட்சம் பிராங்குக்கு வாங்கியது. சித்திய மன்னன் சைதாஃபர்னஸுக்குக் கிரேக்கர் வழங்கிய முடி என்று நம்பினார்கள். அதைச் செய்தவர் ஒதேசா நகரப் பொற்கொல்லர் இஸ்ரேல் ருகோமோவ்ஸ்கி என்பது 1903இல் வெளிவந்தது. பொன் அசல், பழமைதான் பொய். இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையிலும் கல்முனையிலும் நகையை எடைபோடும் கண்ணுக்கு இந்த மோசடி விசித்திரமாகவே படும். இங்கே நகை, பெண்ணுக்குச் சேரும் சொத்து. பவுண் கணக்கில் எண்ணப்படும், இடர் வந்தால் அடகுக்குப் போகும், மகளின் கலியாணத்துக்கு உருகி வேறாகும். வயது அதன் விலையில் சேராது. ஆகவே எதைப் போலி என்பது, வாங்குபவர் எதற்காகக் காசு கொடுத்தார் என்பதைப் பொறுத்ததே. பொன்முலாம் பூசிய கவரிங் என்று சொல்லி விற்கும் சங்கிலியில் பொய்யில்லை. அதுவே 22 கரட் என்று வங்கி அடகுப் பிரிவின் மேசைக்குப் போனால் குற்றம்.

வெனிஸ் நகரம் 1284 முதல் அடித்த டுகாட் காசு இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ மூன்றரை கிராம் எடை, கலப்பு மிகக் குறைவு. வணிகத்தோடு இந்தியாவுக்கு வந்து காசுமாலைகளில் ஏறியது. பிறகு உள்ளூர்ப் பொற்கொல்லர் அதைப் பார்த்தே அச்சடித்தார்கள். லத்தீன் அறியாத கைகளில் எழுத்துகள் வெறும் கோடுகளாயின. அவற்றுள் நல்ல பொன்னாலானவையும் உண்டு. வெனிஸின் பெயரைக் கடன்வாங்கியதே ஏமாற்று அல்லவா என்று கேட்கலாம். மாற்றுக் குறைந்த காசுக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். நல்ல பொன்னுக்குப் பொருந்தாது. மாலைக்கு வாங்கியவர் தேடியது வெனிஸை அல்ல, பொன்னை. அதை உரைகல் சொல்லிவிடும்.

இஸ்லாமியச் சட்டமும் பொன்னின் எடையின் பக்கமே நிற்கிறது. கைபர் போரின்போது நபித்தோழர் ஃபழாலா பின் உபைத் பொன்னும் மணிகளும் கோத்த மாலையொன்றைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார். பிரித்துப் பார்த்தபோது அதிலிருந்த பொன்னே பன்னிரண்டு தீனாரை மிஞ்சியது. பிரிக்காமல் விற்கக் கூடாது என்று நபியவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ளது. பழைய நகையைக் கொடுத்து, வித்தியாசத்தைக் காசாகக் கட்டிப் புதியது எடுப்பதை ஆலிம்கள் தடுப்பதும் இதே வழியில்தான்: பழையதை விற்றுக் காசைக் கையில் வாங்கு, பிறகு புதியதை வாங்கு. பொன்னுக்குப் பொன் மாறும்போது வேலைப்பாடு ஓர் எடைக்கும் ஈடாகாது.

இரத்தினக் கல்லில் மட்டும் இந்த அளவுகோல் தடுமாறும். 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோயில் செயற்கை மாணிக்கத்தை அறிவித்தபின் கண்ணும் உரசலும் போதாமற்போயின. இலங்கையின் பால்நிற கெவுடாக் கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கி, சூடேற்றி நீலமாக்கி விற்றார்கள். சூடு கல்லுக்குள் இருந்ததைத்தான் வெளிக்கொண்டுவந்தது. சொல்லாமல் விற்றதே தவறு.

எடையே எல்லாம் என்றால் தட்டாரின் கைவேலைக்கு மதிப்பென்ன என்பதுதான் இங்கு எழக்கூடிய கடினமான ஆட்சேபம். அதற்கு முழுப் பதில் இல்லை. உருக்கும் வழக்கம் பொன்னைக் காத்தது, வடிவங்களைத் தின்றது. கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் கண்டியக் கைவினைகளை நூலாகப் பதிந்தார். கிழக்குக் கரை முஸ்லிம் பெண்களின் நகைகளுக்கும் அப்படியொரு விரிவான பதிவு வேண்டும். உம்மம்மாவின் நகையை உருக்கக் கொடுக்குமுன் படமெடுத்து, பெயரையும் எடையையும் எழுதி வையுங்கள்.