பொன்னாவிடம் சொன்ன பொய்

2016 ஆகஸ்ட் 22 அன்று டெல்லியில் பெருமாள்முருகனின் ‘கோழையின் பாடல்கள்’ வெளியானது. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்து 19 மாதம் மௌனமாக இருந்தவர் மேடையேறிய மாலை அது. தனக்குள் ஒரு தணிக்கையாளர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று அன்று சொன்னார். கோவையில் இருந்தபடி அந்தச் செய்தியைப் படித்த எனக்கு மகிழ்ச்சியோடு வெட்கமும் வந்தது. திருச்செங்கோட்டு மலையடிவாரத்துக் கதையை எழுதியவர் மறுபடி வாய்திறக்க, ஊரைவிட்டு அத்தனை தூரம் போக வேண்டியிருந்தது.

அதற்குச் சில காலம் கழித்து, பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து ‘மாதொருபாக’னை வாய்விட்டு வாசித்தோம். எழுத்தாளர் இல்லை, மைக் இல்லை. புத்தகம் கைமாறிக் கைமாறிப் போனது. முனைவர் பட்டம் வாங்கிய நான் வகுப்பில் பாடம் நடத்துவதுபோலத்தான் வாசித்தேன். தையல்கடை வைத்திருக்கும் அக்கா வாசித்தபோதுதான் மாமியார் சீராயி பேசினாள். கொங்குப் பேச்சு காதுக்கு எழுதப்பட்டது என்று பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அதைக் கேட்டேன்.

அண்ணன் முத்து, காளி சம்மதித்துவிட்டதாகப் பொன்னாவிடம் சொல்லும் இடம் வந்தது. அக்கா நிறுத்தினார். “அப்போ பொய்யச் சொல்லித்தானுங்க அவளத் தேருக்குக் கூட்டிட்டுப் போறாங்க?”

யாரும் பேசவில்லை. 2010இல் வந்த நாவல் இது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் இதை எரித்தார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகப் பேச்சுவார்த்தையில் எழுத்தாளரிடம் எழுதி வாங்கினார்கள். அந்த எழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இத்தனை நடந்தும் இரண்டு கேள்விகள்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டன. திருவிழாவின் 14ஆம் நாளில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததா? அதை எழுதலாமா? எதிர்த்தவர்கள் எங்கள் பெண்களின் மானம் என்றார்கள். ஆதரித்த நாங்கள் நாட்டார் வழக்காறு என்றோம், கருத்துரிமை என்றோம். நானும் அப்படித்தான் கருத்தரங்கில் பேசினேன். பொன்னாவின் சம்மதம் பொய்யின் மேல் நின்றது என்பதை நான் சொல்லவில்லை.

காளி அவளை ஒருமுறை கேட்கத்தான் செய்கிறான், போவாயா என்று. அது கேள்வி அல்ல, சோதனை. நீ சொன்னால் போகிறேன் என்கிறாள். அந்தப் பதிலே அவனுக்குக் காயமாகிறது. போனாலும் குற்றம், போகாவிட்டாலும் வறடி. திருவிழாக் கூட்டத்தில் தன்னை யாருக்கும் தெரியாது என்றுணர்ந்து அவள் தனியாக நடக்கும் பக்கங்கள், பெண்ணுடல் குறித்துத் தமிழில் ஓர் ஆண் எழுதிய நல்ல பக்கங்களில் சேரும். ஆனால் நாவல் அவளோடு திரும்பி வருவதில்லை. பூவரச மரத்தடியில் காளியோடு முடிகிறது. என் மாணவர்களில் பலர் காளிக்காகத்தான் கலங்குகிறார்கள். அந்த முடிவு அவர்களை அங்கேதான் நிறுத்துகிறது.

பெருமாள்முருகனுக்கே இது போதவில்லை என்று நினைக்கிறேன். 2014இல் வந்த ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ இரண்டும் அதே மரத்தடியிலிருந்து இரண்டு வழியாகப் பிரிகின்றன. ஒன்றில் காளி இல்லை, மற்றதில் இருக்கிறான். காளி இல்லாத ‘ஆலவாய’னில் கர்ப்பிணியான பொன்னாவும் இரு தாய்மாரும் காட்டையும் ஊர்ப்பேச்சையும் சமாளிக்கிறார்கள். அவள் எங்கே போனாள் என்பதைவிட எப்படி வாழ்ந்தாள் என்பதைச் சொல்லும் நாவல் அது. எரித்த நெருப்பின் வெளிச்சம் முதல் நாவல்மீது மட்டும் விழுந்தது. மற்ற இரண்டும் இருட்டில் நின்றன.

எனக்குக் குழந்தை இல்லை. எங்கள் பக்கக் கல்யாணத்தில் சடங்கு செய்யும் அருமைக்காரருக்குப் பிள்ளைப்பேறு இருந்தாக வேண்டும். அந்த விதி எழுதாமலே மற்றவர்களுக்கும் நீளும். உறவில் ஒரு கல்யாணத்தில் நான் எடுத்த சீர்த்தட்டை ஒருவர், “நீ உக்காரு கண்ணு, கால் வலிக்கும்” என்று சொல்லி வாங்கிக்கொண்டார். எனக்குக் கால் வலிக்கவில்லை. இதே மண்ணில் இருந்துகொண்டு பொன்னாவை நான் வழக்காறாக, தரவாக மட்டும் படித்திருக்கிறேன். படித்த பெண்ணுக்கு அது ஒரு வசதி. ஆய்வுக் கட்டுரையில் தட்டை யாரும் பிடுங்குவதில்லை.

அன்று விளக்கைப் போட்டபோது பாதி நாவல்தான் ஆகியிருந்தது. அக்கா புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. “அடுத்த பொஸ்தகத்துல அவ பொழச்சுக்கறாளாமாங்க?” என்றார். ‘ஆலவாய’னையும் எடுத்துக் கொடுத்தேன்.