காப்பும் காவலும்

சட்டமும் ஒரு நூலே. நூலை ஆராய்வோர் முதற்கண் இரண்டு வினாக்களை எழுப்புவர்: சொல் பொருளைச் சரிவரச் சுமக்கிறதா? நூல் யாரை நோக்கிப் பேசுகிறது? நம் நாட்டின் அணுசக்தி உரிமமளிப்புச் சட்டத்தை இவ்விரு வினாக்களோடு அணுகுவது தமிழாசிரியர்க்குப் புறம்பான வேலையன்று.

அணுமின் நிலையமே இல்லாத மலேசியாவுக்கு இத்தகைய சட்டம் எதற்கு என்று சிலர் வினவலாம். பாங்கியில் 1982 முதல் இருந்துவரும் ஆராய்ச்சி உலை ஒன்றே நம்மிடம் உண்டு என்பது உண்மையே. ஆயினும், கதிரியக்கப் பொருள் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் நாள்தோறும் பயன்படுகிறது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் வெடிப்பு உண்டா என ஊடுருவிப் பார்க்க இரிடியம்-192 என்னும் பொருளைக் கருவியில் அடைத்து ஊர் ஊராகக் கொண்டு செல்கின்றனர். இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தவே 1968ஆம் ஆண்டின் கதிரியக்கப் பொருட் சட்டத்துக்குப் பின், 1984இல் 304ஆம் சட்டம் இயற்றப்பட்டது. உரிமமின்றி இத்தொழிலில் இறங்குவோர்க்குப் பத்தாண்டுச் சிறை வரையும் 100,000 வெள்ளித் தண்டம் வரையும் அது விதித்தது. அதனை வலுப்படுத்தும் திருத்த மசோதாவை 2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிற்று. இது வரவேற்கத்தக்கதே.

இனிச் சொல்லை நோக்குவோம். ஆங்கிலத்தார் இத்துறையில் 'சேப்டி' என்றும் 'செக்கியூரிட்டி' என்றும் இரண்டு சொற்களை வேறுபடுத்தி ஆள்கின்றனர். மலாய்மொழியாரும் 'கெசெலாமாத்தான்', 'செக்குரித்தி' எனப் பிரித்துக் கொண்டனர். நாமோ இரண்டையும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். முன்னது, பொருளின் தீங்கிலிருந்து மனிதரைக் காப்பது. பின்னது, மனிதரின் கையிலிருந்து பொருளைக் காப்பது. திசை மாறினால் பொருள் மாறும் அன்றோ? முன்னதைக் 'காப்பு' என்றும், பின்னதைக் 'காவல்' என்றும் வழங்கினால் குழப்பம் தீரும். நூலின் முகப்பில் தீங்கு அணுகாமைப் பொருட்டு வைப்பது காப்பு. தோப்புக்கும் வீட்டுக்கும் கள்வர் வாராமைப் பொருட்டு வைப்பது காவல். வழக்கில் உள்ள சொற்களே போதும். புதிதாக ஆக்க வேண்டுவதில்லை.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று என்பதற்கு நம் வட்டாரத்திலேயே சான்று உண்டு. 2018 ஆகஸ்டு 10ஆம் நாள், சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்கு வண்டியில் வந்துகொண்டிருந்த 23 கிலோ எடையுள்ள இரிடியக் கருவி ஒன்று காணாமற்போயிற்று. அத்தகைய கருவியில் கதிரைத் தடுக்கும் கனத்த உலோகக் கவசம் உண்டு, காப்புக்குக் குறைவில்லை. தவறியது காவல். ஆனால் காவல் தவறிய பின் காப்பு எத்தனை நாள் நிற்கும்? அறியாதான் ஒருவன் உளி கொண்டு உடைக்கும் வரைதான். இரிடியத்தின் வலிமை ஏறத்தாழ 74 நாளுக்கொருமுறை பாதியாகும். இரண்டாண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். அந்த அச்சம் காலத்தால் தேய்ந்தது. அது தரும் பாடம் தேயவில்லை.

உடைப்பவன் யார் என்பதை அயல்நாட்டு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. 2000ஆம் ஆண்டில் தாய்லாந்தின் சமுத் பிராக்கான் நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியொன்றின் கோபால்ட்-60 பழைய இரும்புக் கடைக்குச் சென்றது, மூவர் மாண்டனர். 2010இல் டில்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழங்கருவி பழைய இரும்புச் சந்தையை அடைந்து ஓர் உயிரைக் கவர்ந்தது. மாண்டவர் எவரும் கள்வரோ பகைவரோ அல்லர். கூலிக்கு உழைத்தவரும் கடைக்காரருமே.

இங்குதான் இரண்டாவது வினா எழுகிறது. நம் சட்டத்தின் பெரும்பகுதி உரிமம் பெற்றவரை நோக்கியே பேசுகிறது. அவர் பதிவேடு வைக்க வேண்டும், பயிற்சி பெற்றோரை அமர்த்த வேண்டும் என்கிறது. கண்டெடுப்பவன் அச்சட்டத்தைப் படிப்பதில்லை. அதன் மொழியும் அவனுக்கு எட்டாது. மூன்று இதழ் கொண்ட பழைய கதிரியக்கக் குறியைக்கூடப் பலர் காற்றாடி என்றே கருதுவர். இதனை உணர்ந்தே அனைத்துலக அணுசக்தி முகமை, 11 நாடுகளில் 1,650 பேரிடம் சோதித்து, 2007இல் புதிய குறியொன்றை வெளியிட்டது. செந்நிறப் பின்னணியில் கதிரலை, மண்டையோடு, ஓடும் மனிதன் ஆகிய மூன்றும் அதில் உள்ளன. எழுத்தறியாதானுக்கும் 'ஓடு' என்று சொல்லும் குறி அது.

இவற்றைப் பலரறியச் சொல்வது தீயோர்க்கு வழிகாட்டுவதாகாதா என்பார் உளர். பொருள் இருக்கும் இடத்தையும் செல்லும் வழியையும் மறைத்தல் தகும், அதுவே காவல். அபாயக் குறியை மறைத்தல் தகாது. அது காப்பையே அழிப்பதாகும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணும் மயக்கத்துக்கு நம் ஒற்றைச் சொல்லும் ஒரு காரணம் என்க.

தோட்டப் பள்ளிகளிற் படித்துச் சென்றோர் பலர் இன்று கிள்ளான் வட்டாரத்தில் லாரி ஓட்டுகின்றனர். பழைய இரும்பு உடைக்கின்றனர். அவர்தம் பிள்ளைகளே நம் வகுப்பில் அமர்ந்திருப்போர். சட்டம் அவர்களிடம் பேசாவிடின், பேச வேண்டிய கடன் நம்முடையது. அறிவியற் பாடத்தில் அவ்விரு குறிகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். தொடாதே, உடைக்காதே, விலகி நின்று 999க்கு அறிவி என்னும் மூன்று கட்டளைகளை மனத்தில் பதிக்கலாம். பழைய இரும்புக் கடைதோறும் அக்குறிகளைத் தமிழ் உட்பட நாட்டு மொழிகளில் விளக்கி மாட்டுமாறு அதிகாரிகளை வேண்டலாம்.

காவலை அரசு வலுப்படுத்தட்டும். காப்பை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் பணியை ஆசிரிய அன்பர்கள் ஏற்பார்களாக.