இரண்டரை நிமிடத் திருவிழா

ஐபிஎல் இறுதியாட்டமா? போங்க சார்! இன்விடேஷன் கப் கிண்டிக்கு வந்த வருஷம் நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

நாட்டின் சாம்பியன் குதிரை எது என்று தீர்மானிக்கும் கோப்பை அது. 1963-ல் ஆரம்பித்தது. மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை என்று ஊர் ஊராக முறைவைத்துச் சுற்றும். அதே மாதிரி ஊர் மாற்றி நடக்கும் அமெரிக்காவின் பிரீடர்ஸ் கப்பை உலகமே கொண்டாடுகிறது. அது பிறந்ததே 1984-ல்தான்!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கினால், கூப்பிடு தூரத்தில் 1777-லிருந்து பேர்பெற்ற பந்தய மைதானம். குரோம்பேட்டை, பல்லாவரத்துக்காரர்கள் எத்தனையோ பேர் தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. ரேஸ் என்றால் குடும்பம் நடுத்தெரு என்கிற பயம். அது வெறும் பயமும் இல்லை. 1974-ல் தமிழக அரசு சட்டம் போட்டே ஒழிக்கப் பார்த்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், இது திறமைக்கான விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது. எனக்குப் பந்தயப் பணம் கட்டும் டோட் கவுன்டர் பக்கமே வேலையில்லை. ஓடுமுன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஜாதி நான்.

பேடாக்தான் சொர்க்கம்! அரை டன் கனமுள்ள உயிர் கை எட்டும் தூரத்தில் நடக்கிறது. எண்ணெய் தடவினாற்போல் மினுக்கும் உடம்பு, புடைத்த நரம்பு, விறைத்த காது. பட்டுச்சட்டை ஜாக்கி ஏறி உட்கார்ந்ததும் அதன் நடையே மாறிவிடும்.

இன்விடேஷன் கப்போடு சேர்த்து நடக்கும் 1200 மீட்டர் ஸ்பிரின்டர்ஸ் கப் எழுபது செகண்டு சமாசாரம்; கண் சிமிட்டினால் போச்சு. 1600 மீட்டர் சூப்பர் மைலும் ஜோர்தான். நெடுந்தூரம் ஓடும் ஸ்டேயர்ஸ் டிராபியை யாரும் மதிப்பதில்லை, அநியாயம். ஜாக்கியின் மூளை வேலைசெய்வதை அதில்தான் பார்க்கலாம்.

கடைசியில் 2400 மீட்டர் இன்விடேஷன் கப். ஊருக்கு ஊர் டெர்பி ஜெயித்த குதிரைகளெல்லாம் ஒரே கேட்டில். முதல் ஒன்றரை நிமிடம் பொறுமை, பொறுமை, பொறுமை. கடைசி வளைவு திரும்பி நேர்பாதைக்கு வந்ததும், ஐயோ, அந்தக் குளம்புச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும்! பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவரின் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன். அவரும் கத்தினார்.

2024 செப்டம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்துவிட்டது. ஆனால் கப் மற்ற ஊர்களுக்கும் வரும். ஹைதராபாத்தின் மலக்பேட்டை மைதானத்தின் முறை வரும்போது விட்டுவிடாதீர்கள். சார்மினார் எக்ஸ்பிரஸ் தாம்பரத்திலிருந்தே புறப்படுகிறது.