பயோஷாக்: கதையும் இசையும்

பயோஷாக், 2007 ஆகஸ்ட் 21 அன்று விண்டோஸ் கணினிக்கும் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கும் வெளிவந்த வீடியோ விளையாட்டு. கதை நாயகனின் கண் வழியாகவே உலகைப் பார்த்து எதிரிகளைச் சுடும் 'முதல் நபர் சுடும் ஆட்டம்' என்ற வகையைச் சேர்ந்தது. இர்ரேஷனல் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. படைப்பு இயக்குநர் கென் லெவின். இசையமைப்பாளர் கேரி ஷைமன். ஒலி இயக்குநர் எமிலி ரிட்ஜ்வே. வன்முறை மிகுந்த ஆட்டம் என்பதால் அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியதாக மதிப்பிடப்பட்டது.

இவ்வகை ஆட்டங்கள் பலவற்றில் ஒரு சண்டையை அடுத்த சண்டையோடு ஒட்டவைக்கவே கதை பயன்படும். இசை சண்டை வந்ததும் முழங்கும், முடிந்ததும் அடங்கும். பயோஷாக்கில் இசைக்கு வேறு வேலை உண்டு. கதை ஆட்டக்காரரை நெடுநேரம் ஏமாற்றுகிறது. பின்னணி இசையோ உண்மையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆட்டத்தின் சிறப்பும் பிற்பகுதியில் அது தளர்வதும் இந்த ஏற்பாட்டிலிருந்தே வருகின்றன.

கதைக்களம்

1960ஆம் ஆண்டு அட்லாண்டிக் பெருங்கடலில் ஒரு விமானம் விழுகிறது. உயிர் பிழைத்த ஜாக் நீந்திச் சென்று ஒரு கலங்கரை விளக்கத்தை அடைகிறான். அங்கிருந்து ஆழ்கடல் கூண்டு ஒன்றில் இறங்கினால் கீழே ராப்சர் என்னும் நகரம். அரசும் மதமும் தலையிடாத, அவரவர் உழைப்பு அவரவருக்கே சொந்தம் என்ற கொள்கையில் தொழிலதிபர் ஆண்ட்ரூ ரயன் 1946இல் நிறுவிய நகரம் அது. எழுத்தாளர் அயன் ராண்டின் தனிமனிதவாதத்தை விசாரணைக்கு உட்படுத்தும் கற்பனை. ரயனின் பெயரிலேயே அவர் பெயரின் எதிரொலி இருக்கிறது. மரபணுவை மாற்றும் 'ஆடம்' என்ற பொருளுக்கு அடிமையாகி மக்கள் சிதைந்தார்கள். 1958 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது கலகம் வெடித்தது. ஜாக் சந்திக்கும் எதிரிகள் பலர் அந்த விருந்தின் முகமூடியை இன்னும் கழற்றவில்லை. வானொலியில் அட்லஸ் என்பவர் கனிவான குரலில் அவனுக்கு வழிகாட்டுகிறார்.

பழைய பாடல்கள்

ராப்சரின் வானொலிப் பெட்டிகளும் இசைப்பெட்டிகளும் 1930களிலிருந்து 1950கள் வரையிலான அமெரிக்க, ஐரோப்பியப் பாடல்களைப் பாடிக்கொண்டே இருக்கின்றன. பில்லி ஹாலிடே, இங்க் ஸ்பாட்ஸ், பெர்ரி கோமோ, பட்டி பேஜ் எனப் பல குரல்கள். பந்தலைப் பிரித்த பிறகும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியை நிறுத்த ஆளில்லாமல் போனது போன்ற நிலை. கேட்க வேண்டியவர்கள் தரையில் பிணமாகக் கிடக்கிறார்கள்.

திரைப்படத்திலும் இனிய பாடலைக் கொடூரக் காட்சிக்கு மேல் ஒலிக்கவிடுவது உண்டு. அங்கே பாடல் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதை இயக்குநர் தீர்மானிக்கிறார். இங்கே பாடல் ஓர் இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் போனால் பெரிதாகக் கேட்கும், விலகினால் தேயும். மேசை இழுப்பறைகளில் தோட்டாக்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பாடல் முடிந்துவிடலாம். அடுத்த முறை அதே பாடலின் நடுவில் எதிரி பாயலாம். அதனால் ஆட்டக்காரரின் காதில் பாடல் அந்தந்த அறையோடு ஒட்டிக்கொள்கிறது.

இந்தத் தேர்வில் கேலியும் உண்டு. காசில்லாமல் எதுவும் கிடைக்காத நகரத்தில், வாழ்வின் நல்லவை எல்லாம் இலவசம் என்ற பொருள் தரும் தலைப்புடைய இங்க் ஸ்பாட்ஸ் பாடல் ஒலிக்கிறது. 'லா மேர்' இன்னும் நுட்பமான தேர்வு. சார்ல் த்ரெனே 1946இல் பதிவு செய்த இந்தப் பிரெஞ்சுப் பாடலின் பொருள் கடல். ராப்சர் பிறந்ததும் அதே ஆண்டில்தான். கலங்கரை விளக்கத்தில் நுழையும்போது ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் கிதாரும் ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலினும் இதைச் சொற்களின்றி வாசிக்கின்றன. அதே மெட்டில் பாபி டேரின் பாடிய 'பியாண்ட் தி ஸீ' பாடலும் ஆட்டத்தில் இடம்பெறுகிறது. ஆங்கில வடிவம் கடலைப் பற்றியது அல்ல, கடலுக்கு அப்பால் காத்திருக்கும் காதலைப் பற்றியது. டேரினின் பாட்டு வெளிவந்தது 1959இல். வெளியுலகத் தொடர்பு அறுந்து, உள்நாட்டுப் போரிலும் மூழ்கியிருந்த நகரத்துக்கு அந்த இசைத்தட்டு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டால் விடை கிடைப்பது கடினம். காதுக்கு அந்தக் கணக்கு உறைப்பதில்லை.

ஷைமனின் பின்னணி இசை

பாடல்கள் நகரம் தன்னைப் பற்றிக் காட்ட விரும்பிய முகம் என்றால், ஷைமனின் தந்தி வாத்தியங்கள் அந்த முகத்துக்குக் கீழே இருப்பதைச் சொல்கின்றன. ஆழ்கடல் கூண்டு இறங்கும்போது ரயன் தன் கொள்கையை முழங்குகிறார். திரை விலகி நகரத்தின் விளக்குகள் தெரிகின்றன. பேச்சில் பெருமிதம். ஆட்டத்தின் முகப்பு இசையிலோ வியப்போடு இரங்கல் கலந்திருக்கிறது. இடிபாட்டை ஆட்டக்காரர் பார்ப்பதற்கு முன்பே இசை துக்கம் காக்கத் தொடங்கிவிட்டது. அந்த மெட்டின் தலைப்பு 'தோள்களில் சமுத்திரம்' என்று பொருள்படும். கிரேக்கத் தொன்மத்தில் வானத்தைச் சுமக்கும் அட்லஸை நினைவூட்டுவது.

அச்சமூட்டும் இடங்களுக்கு ஷைமன் இருபதாம் நூற்றாண்டுக் கச்சேரி இசையின் உத்திகளைப் பயன்படுத்தினார். வாசிப்பவர்களுக்கு ஒவ்வொரு சுரத்தையும் எழுதித் தராமல், ஓர் எல்லையை மட்டும் வகுத்து அதற்குள் தம் போக்கில் வாசிக்க விடுவது அவற்றில் ஒன்று. வயலின்கள் ஒன்றாக இழைவதற்குப் பதில் ஒன்றையொன்று உரசுகின்றன. அவரவர் விருப்பமே சட்டம் என்ற நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இசைமுறை இருக்க முடியாது. இதே ஷைமன் 2008இல் தாகூரின் வங்கக் கவிதைக்கு 'ப்ராண்' என்ற பாடலாக மெட்டமைத்தவர் என்பது இந்திய வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

நகரத்தின் கேளிக்கைப் பகுதியான ஃபோர்ட் ஃப்ராலிக்கில் இந்த இரண்டு இசைகளும் சந்திக்கின்றன. அங்கே ஆட்சி செய்பவன் சாண்டர் கோஹன் என்னும் பித்துப் பிடித்த கலைஞன். தன் சீடன் ஒருவனைப் பியானோவில் உட்கார்த்தி, தன் படைப்பை வாசிக்கச் சொல்கிறான். வாசிப்பு பிடிக்கவில்லை, திட்டுகிறான், திரும்ப வாசிக்க வைக்கிறான், கடைசியில் வெடிவைத்துக் கொல்கிறான். அந்தப் பியானோ இசையும் ஷைமன் எழுதியதே. அதுவரை கதைக்கு வெளியே நின்ற இசையமைப்பாளர் இங்கே கதைக்குள் வந்துவிடுகிறார். எழுதியது எளிதான பணி அல்ல. கோஹனுக்குத் திறமை இருப்பதும் தெரிய வேண்டும், அளவு தெரியாதவன் என்பதும் தெரிய வேண்டும். மிகையுணர்ச்சி ததும்பும் அந்தப் படைப்பில் இரண்டும் கேட்கின்றன. பிறகு ஒரு கட்டத்தில் கோஹன் கோபித்து அடியாட்களை ஏவும்போது சைகோவ்ஸ்கியின் 'மலர்களின் வால்ட்ஸ்' ஒலிக்கிறது. எதிரிகள் எத்தனை பேர், எங்கிருந்து வருகிறார்கள் என்று எண்ணவேண்டிய நேரத்தில் காலும் கையும் மூன்று தாள நடையில் இயங்க முயல்கின்றன. கொலை நடனமாகிவிடுவதை ஆட்டக்காரர் தன் கையாலேயே உணர்கிறார், ரசிக்கவும் செய்கிறார். அந்த ரசனைதான் கோஹன் கேட்பது.

கட்டளையும் விருப்பமும்

இனிக் கதையின் முக்கியத் திருப்பம் பேசப்படுகிறது. அட்லஸ் ஒவ்வொரு முறையும் ஒரு பணிவான சொற்றொடரோடு உதவி கேட்கிறார். அந்தச் சொற்றொடர் ஜாக்கின் மனத்தில் முன்பே பதிக்கப்பட்ட கட்டளைச் சாவி என்பது ரயனின் அறையில் வெளிப்படுகிறது. தன் விருப்பப்படி ஆடியதாக நினைத்தவர் ஏவியபடி நடந்திருக்கிறார். இனிய பாடல்களும் பணிவான சொல்லும் ஒரே வேலையைத்தான் செய்துவந்தன என்பது அப்போது புரிகிறது.

விளையாட்டு வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007இலேயே இந்த ஆட்டத்தை முன்வைத்து, கதை சொல்வதும் ஆட்ட விதிகள் சொல்வதும் முரண்படுவதாக எழுதினார். விதிகள் சுயநலத்தைத் தேர்ந்தெடுக்க இடம் தருகின்றன. கதையோ அட்லஸுக்கு உதவுவதைத் தவிர வேறு வழி தருவதில்லை. குற்றச்சாட்டு நியாயமானது. சிறுமிகளைக் கொன்றால் தலைக்கு 160 ஆடம், காப்பாற்றினால் 80. ஆனால் காப்பாற்றியவருக்குப் பின்னால் பரிசுப் பொட்டலங்கள் வந்து குறையை ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகின்றன. தியாகத்துக்கு வட்டியோடு திருப்பித் தந்தால் அது தியாகம் ஆகாது. இந்த ஓட்டையை இசையால் அடைக்க முடியவில்லை. ஆனாலும், விதிகள் கைவிட்ட துயரத்தை ஓரளவு ஏந்திப் பிடித்திருப்பது ஷைமனின் தந்திகள்தான்.

ரயனின் அறைக்குப் பிறகு ஆட்டம் தளர்கிறது. மறைக்க எதுவும் மிச்சமில்லாததால் பாடல்களுக்கும் பின்னணி இசைக்கும் இடையிலிருந்த இழுவிசை போய்விடுகிறது. இறுதிச் சண்டை, பெருத்த உடல் கொண்ட வில்லனோடு நடக்கும் வழக்கமான மோதல். அங்கே இசை வேகமாக ஓடுகிறது, அவ்வளவே. வேறு எந்தச் சுடும் ஆட்டத்திலிருந்து எடுத்து வைத்திருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

தனியாகக் கேட்கும்போது

ஆட்டம் வெளிவந்த சமயத்திலேயே ஷைமனின் இசைத்தொகுப்பை நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தந்தது. சிறப்புப் பதிப்போடு இசைக்கலைஞர் மோபி மறுகலவை செய்த சில பாடல்களும் வந்தன. நடன அரங்குத் தாளத்தைச் சேர்த்ததால் அவற்றின் தனிமை கலைந்துவிட்டது; ஒருமுறை கேட்டால் போதும். ஷைமனின் தொகுப்போ ஆட்டத்தை அறியாதவரும் இரவில் விளக்கணைத்துக் கேட்கத் தக்கது. ஆட்டத்தில் துண்டு துண்டாக ஒலித்து, திட்டுகளால் தடைபட்டு, வெடிச்சத்தத்தில் அறுந்துபோகும் கோஹனின் பியானோ இசை இந்தத் தொகுப்பில்தான் கடைசிச் சுரம் வரை முழுமையாக இருக்கிறது.