வெல்பவர்கள் யார்? காசுப் பெட்டிக்குள் ஓர் அரசு வாசகம்

1

'வெல்பவர்கள் போதைப்பொருளைப் பயன்படுத்துவதில்லை.' ஆங்கிலத்தில் நாலே சொல்: வின்னர்ஸ் டோன்ட் யூஸ் ட்ரக்ஸ். 1989இல் தொடங்கி ஏறக்குறைய 2000 வரை அமெரிக்காவின் ஆர்கேடுகளில், அதாவது காசு போட்டு வீடியோ கேம் ஆடும் கூடங்களில், பெட்டிகளின் திரையில் இந்த வாசகம் வந்து வந்து போனது. நீலப் பின்னணியில் எஃப்.பி.ஐ.யின் முத்திரை. அதோடு அன்றைய இயக்குநர் வில்லியம் எஸ். செஷன்ஸின் பெயர். சில விநாடிகள்தான். பிறகு மறுபடியும் அடிதடி.

நான் இதைப் பார்த்தது அமெரிக்காவில் அல்ல. பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டிக் காட்டும் எமுலேட்டர்கள் 1990களின் பிற்பகுதியில் வந்தன. அவற்றின் வழியாக அமெரிக்கப் பதிப்புகள் இங்கேயும் வந்து சேர்ந்தன. கூடவே அந்த நீலத் திரையும். அந்நிய நாட்டுப் போலீஸின் முத்திரை நம்மூர்க் கணினியில் எதற்காக வருகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு அதே வாசகத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறார்கள். மலரும் நினைவுகளின் சந்தையில் அதற்கு நல்ல விலை. கேலிப்பொருளாகிவிட்ட ஒன்றைக் கட்டுடைக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. யாரும் தீவிரமாக எடுத்துக்கொள்ளாத இடத்தில்தான் கருத்தியல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.

2

முதலில் இந்த வாசகம் எப்போது தோன்றுகிறது என்று பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு நடுவே அது வருவதே கிடையாது. ஆள் இல்லாதபோது பெட்டி தானாகவே ஒரு சுழலில் ஓடிக்கொண்டிருக்கும்: தலைப்பு, மாதிரி ஆட்டம், அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியல், மறுபடியும் தலைப்பு. இதற்கு அந்தத் தொழிலில் 'அட்ராக்ட் மோட்' என்று பெயர். கடைத்தெருவில் 'வாங்க சார், வாங்க' என்று கூப்பிடுகிற பையனின் வேலை அது. எஃப்.பி.ஐ.யின் வாசகம் இந்தக் கூப்பாட்டுக்குள்தான் செருகப்பட்டிருந்தது. கால் டாலர் நாணயத்தைப் போட்டதும் அது மறைந்துவிடும்.

அதாவது, ஆடிக்கொண்டிருப்பவன் அதைப் பார்ப்பதில்லை. காசு இல்லாமல் வேடிக்கை பார்க்கிறவன், காசைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறவன், வெளியே நின்று எட்டிப் பார்க்கிற பெற்றோர் ஆகியோரே அதன் பார்வையாளர்கள்.

'ஏய், யாரப்பா அங்கே' என்று போலீஸ்காரர் கூப்பிட, திரும்பிப் பார்க்கிற கணத்தில் ஒருவன் 'தன்னிலை' ஆகிறான் என்று அல்துஸ்ஸர் 1970இல் எழுதியது இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குப் பழகிய விஷயம். இங்கே கூப்பிடுவது உவமைப் போலீஸ்காரர் அல்ல, எஃப்.பி.ஐ.யே நேரடியாகக் கூப்பிடுகிறது. ஆனால் இரண்டு கூப்பாடுகள் ஒரே திரையிலிருந்து வருகின்றன. 'காசு போடு' என்பது ஒன்று. 'நல்லவனாக இரு' என்பது மற்றொன்று. முதல் கூப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டாவது காதில் விழாது. பையனைப் பார்த்துப் பேசுவதுபோலத் தோற்றம் காட்டுகிற இந்த வாசகம் வேறு யாருடைய காதுக்கோ போகிறது என்ற சந்தேகம் எனக்கு இங்கிருந்துதான் வருகிறது.

3

யாருடைய காதுக்கு? கொஞ்சம் வரலாறு வேண்டும். நியூயார்க் நகரம் 1942இல் பின்பால் பெட்டிகளைச் சூதாட்டம் என்று தடைசெய்தது. மேயர் லா கார்டியா சம்மட்டியோடு நின்று பெட்டிகளை உடைத்துப் படம் எடுத்துக்கொண்டார். தடை 1976 வரை நீடித்தது. வீடியோ கேம் பெருகிய பிறகு அதே அச்சம் வேறு உருவில் வந்தது. 17 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் துணையில்லாமல் காசுப் பெட்டிகளில் ஆடக் கூடாதென்று டெக்சாஸின் மெஸ்கீட் நகரம் போட்ட விதி 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. மாசசூசெட்ஸின் மார்ஷ்ஃபீல்ட் அதே 1982இல் காசுபோட்டு ஆடும் வீடியோ கேம்களை ஊரைவிட்டே விலக்கியது. அந்தத் தடையை நீக்க 2014 வரை ஆனது. நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி சி. எவரெட் கூப், வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கலாம் என்று 1982 நவம்பரில் ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டு, அது தன் சொந்தக் கருத்து, ஆய்வின் முடிவல்ல என்று பிறகு விளக்க வேண்டிவந்தது.

ஆக, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறவர்கள், கஞ்சா விற்கிறவர்கள், வேலையற்றவர்கள் கூடுமிடம் என்பதே ஆர்கேடைப் பற்றிய பெருங்கதையாடலாக இருந்தது. அந்தத் தொழிலுக்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் தேவைப்பட்டது. காசுப் பெட்டித் தயாரிப்பாளர்களின் சங்கமும் எஃப்.பி.ஐ.யும் சேர்ந்துதான் இந்த ஏற்பாட்டைச் செய்தன. எஃப்.பி.ஐ.க்குச் செலவில்லாமல் ஆயிரக்கணக்கான திரைகள் கிடைத்தன. சங்கத்துக்கு முத்திரை கிடைத்தது. பெட்டியின் மேல் அரசாங்க முத்திரை இருக்கிறபோது நகரசபை உறுப்பினர் அதைச் சம்மட்டியால் உடைக்க யோசிப்பார் அல்லவா?

இதை உறுதிசெய்கிற ஒரு தடயம் ஆட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பெட்டிகளில் ஓடியவற்றில் பெரும்பாலானவை ஜப்பானியக் கம்பெனிகள் செய்தவை. கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' (1991) ஓர் உதாரணம். அதே ஆட்டம் ஜப்பானில் ஓடியபோது இந்த நீலத் திரை கிடையாது. எந்த நாட்டுப் பதிப்பு என்று நிரல் பார்க்கும். அமெரிக்கா என்றால் அறிவுரை, இல்லையென்றால் இல்லை. அந்த அறம் ஆட்டத்தின் உடம்பில் ஊறியதல்ல. சுங்கச்சாவடியில் ஒட்டிய சீட்டு அது.

4

இனி வாக்கியத்துக்கு வருவோம். தமிழ் படித்தவன் என்பதால் இலக்கணத்திலிருந்து தொடங்குவது எனக்குப் பழக்கம். நம் நீதிநூல் மரபில், ஆத்திசூடி போன்றவற்றில், அறம் பெரும்பாலும் ஏவலாகவோ விலக்காகவோ வரும்: இதைச் செய், இதைச் செய்யாதே. ரீகன் காலத்தில் நான்சி ரீகன் முன்னின்று பரப்பிய 'வேண்டாமென்று சொல்' என்ற முழக்கமும் ஏவல்தான். ஏவலில் ஒரு நேர்மை உண்டு. ஒருவர் இன்னொருவருக்குக் கட்டளையிடுகிறார் என்பது வெளிப்படையாகத் தெரியும், எதிர்த்துப் பேச இடமிருக்கும்.

'வெல்பவர்கள் பயன்படுத்துவதில்லை' என்பது செய்தி வாக்கியம். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதுபோல ஓர் உண்மையைச் சும்மா அறிவிக்கிறது. கட்டளை தெரிவதில்லை. அதன் மறுபாதியைச் சொல்லாமலே நம் மனசு நிரப்பிக்கொள்கிறது: பயன்படுத்துகிறவர்கள் தோற்றவர்கள். அடிமைப்பட்டவன் நோயாளியா, ஏழையா, வலியைத் தாங்க முடியாமல் விழுந்தவனா என்ற கேள்விகள் எழவே வழியில்லை. உலகத்தில் இரண்டே ஜாதி, வென்றவர், தோற்றவர்.

வாக்கியம் சொல்லும் 'உண்மை'யாவது உண்மையா? 1988 செப்டம்பர் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் தங்கம் வாங்கிய கனடாவின் பென் ஜான்சன், ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிப் பதக்கத்தை இழந்தார். அடுத்த வருஷம் இந்த வாசகம் திரைக்கு வருகிறது. வாசகம் இன்னும் பெட்டிகளில் ஓடிக்கொண்டிருந்த 1998இல் பேஸ்பால் வீரர் மார்க் மக்வயர் ஒரே பருவத்தில் 70 ஹோம் ரன் அடித்து நாயகனானார். ஸ்டீராய்டு எடுத்ததை 2010இல் ஒத்துக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட்ட செஷன்ஸின் கதையையும் சொல்லலாம். அரசு விமானத்தைச் சொந்த விஷயங்களுக்குப் பயன்படுத்தினார் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளை நீதித்துறையின் உள் விசாரணை அறிக்கை சுமத்தியது. அவர் மறுத்தார். 1993 ஜூலையில் கிளின்டன் அவரைப் பதவிநீக்கம் செய்தார். ஏற்கெனவே விற்றுப்போன பெட்டிகளின் சில்லுகளில் பதிந்த பெயரை யார் போய் அழிப்பது? வேலை போன அதிகாரி திரையில் தொடர்ந்து வெற்றியைப் பற்றி உபதேசித்துக்கொண்டிருந்தார்.

இன்னும் முக்கியமான விஷயம், ஆர்கேடில் யாரும் வெல்வதில்லை என்பது. அந்தப் பெட்டியின் பொருளாதாரமே உன்னைச் சீக்கிரம் தோற்கடிப்பதில் இருக்கிறது. ஆட்டத்தின் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளே சிறு சுவிட்சுகள் உண்டு. அது கடைக்காரர் கையில். தோற்றதும் திரையில் எண்கள் இறங்கும், ஒன்பது, எட்டு, ஏழு. பூஜ்யம் வருவதற்குள் இன்னொரு காசு போட்டால் தொடரலாம். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று கையைப் பையில் விடவைக்கிற இயந்திரம், அந்தப் பழக்கத்துக்கு எதிரான வாசகத்தைத் தன் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறது.

5

இந்த வாசகம் தனியாக வரவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 கிராம் கிராக் கோகெய்ன் விற்றால் குறைந்தது ஐந்தாண்டு சிறை. அதே தண்டனைக்கு, பணக்காரர்கள் மூக்கில் இழுக்கும் தூள் கோகெய்ன் 500 கிராம் தேவை. ஒன்றுக்கு நூறு. கிராக் வழக்கில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். இந்த விகிதம் 2010இல்தான் ஒன்றுக்குப் பதினெட்டாகக் குறைக்கப்பட்டது, அப்போதும் சமமாகவில்லை.

1989 செப்டம்பர் 5 அன்று அதிபர் புஷ் தொலைக்காட்சியில் ஒரு பொட்டலம் கிராக்கைத் தூக்கிக் காட்டி, வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள பூங்காவில் பிடிபட்டது என்றார். அந்தக் காட்சிக்காகவே போதைத் தடுப்பு அதிகாரிகள் 18 வயது மாணவன் ஒருவனைப் பூங்காவுக்கு வரவழைத்து வாங்கினார்கள் என்பது அந்த மாதமே பத்திரிகையில் வெளிவந்தது. வெள்ளை மாளிகை எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லையாம். அவன் செய்த வேறு விற்பனைகளுக்காகப் பத்தாண்டு சிறை. அதிபரின் கையிலிருந்த பொட்டலமும் ஆர்கேடின் நீலத் திரையும் ஒரே வருஷத்துப் பிரதிகள். இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

ஆட்டங்களே இந்தப் போரை ஏற்கெனவே உள்வாங்கியிருந்தன. வில்லியம்ஸ் கம்பெனிக்காக யூஜின் ஜார்விஸ் உருவாக்கிய 'நார்க்' (1988) என்ற ஆட்டத்தில் நீ போதைத் தடுப்புப் போலீஸ். எதிரே வருகிறவர்களைக் கைதும் செய்யலாம், ராக்கெட்டால் சிதறடிக்கவும் செய்யலாம். பறிமுதல் செய்த பொருளுக்கும் பணத்துக்கும் புள்ளி. அரசின் வாசகம் சொல்லாமல் விட்ட மறுபாதியை 'நார்க்' வெட்கமில்லாமல் படமாகக் காட்டியது என்பேன். அந்த வகையில் அது நேர்மையான பிரதி.

இந்த அறிவுரைகளால் பலன் உண்டா? 1998இல் தொடங்கிப் பெரும் அரசுச் செலவில் நடந்த இளைஞர் போதை எதிர்ப்பு விளம்பர இயக்கத்தை ஆராய்ந்து 2008இல் வெளியான மதிப்பீடு, அதனால் கஞ்சாப் பழக்கம் குறைந்ததற்குச் சான்றில்லை என்றது. அந்த இயக்கத்தின்போது, தொலைக்காட்சித் தொடர்களின் கதைக்குள்ளேயே போதை எதிர்ப்புச் செய்தியைப் புகுத்தினால் நிறுவனங்களுக்குச் சலுகை தரும் ஏற்பாடு இருந்தது 2000 ஜனவரியில் அம்பலமானது. ஆர்கேடில் அரசு தன் முத்திரையோடாவது வந்தது. இங்கே அதையும் கழற்றி வைத்துவிட்டது.

இதற்கிடையே பர்டூ ஃபார்மா நிறுவனம் 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற வலிமாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் விற்பனை முறைகள் தொடர்பாக 2007இலும் 2020இலும் குற்றத்தை ஒத்துக்கொண்டது. 2021ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் அளவுமீறிய போதைப்பொருளால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அந்தச் சாவுகளுக்கு முன்னால் வாசகத்தை இப்படித் திருத்த வேண்டியிருக்கிறது: வெல்பவர்கள் பயன்படுத்துவதில்லை, விற்கிறார்கள்.

6

எஃப்.பி.ஐ.க்குக் கிடைத்த இடம் சுற்றுச்சூழல் துறைக்கும் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் 'மறுசுழற்சி செய், குப்பையில் போடாதே' என்ற வாசகம் அதன் தலைவர் வில்லியம் கே. ரெய்லியின் பெயரோடு திரைக்கு வந்தது. அதே காலத்தில் 'ஃபைனல் ஃபைட்' (1989) ஆட்டத்தில் பீப்பாய்களை உடைத்தால் உள்ளே வறுத்த கறி கிடைக்கும். ஒரு காரை அடித்து நொறுக்கினால் கூடுதல் புள்ளி.

ஆனால் இங்கே ஒரு சுவையான விஷயம் உண்டு. ஆர்கேட் தொழில் எவர் சொல்லியும் கேட்காமல் தானே மறுசுழற்சி செய்துகொண்டிருந்தது. 1985இல் ஜப்பானில் ஜாம்மா என்ற இணைப்புத் தரம் வந்தது. அதன்பின் பழைய மரப்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பலகையை மட்டும் மாற்றிப் புது ஆட்டம் போட முடிந்தது. ஒரே பெட்டி பல ஆட்டங்களைப் பார்த்தது. கடைக்காரருக்குக் காசு மிச்சம், அவ்வளவுதான். வாசகம் சாதிக்காததைக் கம்பிகளின் ஒழுங்கு சாதித்தது.

7

போதைப்பொருள் குடும்பங்களை அழிக்கிறது, அதற்கு எதிராகப் பேசுவது தப்பா என்று கேட்கிற தோழர்கள் இருப்பார்கள். தப்பில்லை. பேசுகிறவர் யார், எந்தத் திரையில் நின்று பேசுகிறார், பேச்சுக்குப் பின்னால் யார் ஜெயிலுக்குப் போகிறார்கள் என்பவை என் கேள்விகள்.

இதில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கலை 'செய்தி' சொல்ல வேண்டுமா கூடாதா என்று நாம் வருஷக்கணக்காக மல்லுக்கட்டியிருக்கிறோம். இரண்டு தரப்புமே வாக்கியத்தைத்தான் பார்த்தோம். கவிதையின் கடைசி வரியில் புரட்சி இருக்கிறதா, நாடகத்தின் முடிவில் முழக்கம் இருக்கிறதா என்று தேடினோம். அந்தக் கவிதை எந்தப் பத்திரிகையில், எந்த விளம்பரத்துக்குப் பக்கத்தில் வருகிறது, அந்த நாடகம் யார் போட்ட மேடையில் நடக்கிறது, அதன் வடிவம் பார்வையாளரை எந்தப் பழக்கத்துக்குப் பழக்குகிறது என்று அதே கறாரோடு கேட்டோமா? முற்போக்கான வரி ஒன்றை நெற்றியில் ஒட்டிக்கொண்டு உள்ளே வேறு வேலை பார்க்கிற பிரதிகள் நம்மிடமும் நிறைய. அவற்றை விமர்சிக்க வரியைப் படித்தால் போதாது, பெட்டியைத் திறந்து சுவிட்சுகளைப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படிப் பார்த்து எழுதப்பட்ட கட்டுரைகள் வரட்டும், இந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்கினாலும் சரி.