இரட்டைப்படைப் பயிர்

புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் கார்த்திகை பிறக்கும்போது பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் பூவெடுத்து நிற்கும். பேருந்தில் போகிறவர் கண்ணுக்கு அது சோளமாகவும் தெரியலாம், கரும்பாகவும் தெரியலாம். சந்தேகம் தீர ஒரு பார்வை போதும். நெல், கம்பு, கேழ்வரகு, சோளம் எல்லாம் தானியத்தைத் தலையில் வைத்திருக்கும். மக்காச்சோளத்தின் தலையில் பூ மட்டும்தான், கதிர் இடுப்பில். இந்த ஒன்றை வைத்தே பயிரை அடையாளம் சொல்லிவிடலாம். ஆனால் அதன் அழகைப் பார்க்க வரப்பிலிருந்து காட்டுக்குள் இறங்க வேண்டும்.

அடியிலிருந்து தொடங்குவோம். மண்ணுக்கு மேலே இருக்கிற முதல் இரண்டு மூன்று கணுக்களைச் சுற்றி வட்டமாக முட்டு வேர்கள் புறப்படுகின்றன. காற்றில் இருக்கும்வரை தடித்து, பச்சையோ செவ்வூதாவோ பூசி, நுனியில் பிசுபிசுப்போடு நிற்கும். மண்ணைத் தொட்டதும் கிளைத்துப் பிடித்துக்கொள்ளும். ஆளுயரத்துக்கு மேல் வளர்கிற தட்டை, காற்றுக்குச் சாயாமல் நிற்பதற்கு இவையும் காரணம். தட்டையை ஒடித்தால் நெல்தாளைப் போல உள்ளே கூடாக இருக்காது. வெண்ணிறச் சோற்றால் நிறைந்திருக்கும். சோளத்தட்டையில் விரல் வைத்துத் தேய்த்தால் ஒட்டுகிற வெண்மாவும் இதில் அவ்வளவாக இல்லை.

தோகைகள் அடுக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள். ஒரு கணுவில் இடப்பக்கம் ஒன்று, அடுத்த கணுவில் வலப்பக்கம் ஒன்று, உச்சிவரை இப்படியே. திருகிச் சுற்றுவதில்லை, இரண்டே வரிசை. ஒவ்வொரு தோகையின் அடியும் உறையாகித் தட்டையைச் சுற்றியிருக்கும். உறை முடிந்து தோகை விரிகிற மடிப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு மெல்லிய சவ்வு நிற்கும். தோகையின் மேற்பரப்பைத் தடவினால் மெல்லிய ரோமம் படும், அடிப்பக்கம் வழவழப்பு. நடுநரம்பு வெளிறி நேராக ஓட, ஓரங்கள் மட்டும் அலை அலையாக நெளியும். நரம்பை விட ஓரம் கூடுதல் நீளத்துக்கு வளர்ந்துவிடுவதால் வந்த நெளிவு அது. தண்ணீர் போதாத உச்சிவெயிலில் இதே தோகை உள்நோக்கிச் சுருண்டு குழலாகிவிடும். மேற்தோலில் இருக்கும் பெரிய செல்கள் நீரிழந்து சுருங்குவதே காரணம். வெயில் தாழ்ந்ததும் பழையபடி விரியும்.

உச்சியில் இருப்பது ஆண் பூ. நடுவில் நிமிர்ந்த காம்பு, சுற்றிலும் வளைந்து தொங்கும் கிளைகள். ஒரு கிளையைக் கண்ணருகே கொண்டுவந்தால் சிறுபூக்கள் ஜோடி ஜோடியாக இருப்பது தெரியும்: ஒன்றுக்குச் சிறு காம்பு உண்டு, பக்கத்தில் இருப்பதற்கு இல்லை. பனி உலர்ந்த காலையில் லேசாக உலுக்கினால் மஞ்சள் தூள் உள்ளங்கையில் படியும். இதற்கு வண்டும் தேனீயும் வேண்டியதில்லை; காற்று போதும்.

இனி கதிர். இது தட்டையின் நடுப்பகுதியில், தோகை இடுக்கில் பிறக்கிறது. அதை ஒட்டிய இடத்தில் தட்டை உருண்டையாக இல்லாமல் நீளவாக்கில் பள்ளம் விழுந்திருக்கும். கதிர் அந்தப் பள்ளத்தில் முதுகு சாய்ந்து நிற்கும். கதிரை மூடிய உறைகளில் சிலவற்றின் நுனியில் சின்னஞ்சிறு பச்சைத் தோகை நீட்டிக்கொண்டிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கதிர் என்பதே கணுவுக்குக் கணு நெருக்கிக் குறுகிப்போன ஒரு பக்கக்கிளை, உறைகள் அக்கிளையின் இலைகள் என்பதற்கு அது சாட்சி.

உறையின் வாயில் தொங்கும் பட்டிழைகளில் வீண் இழை கிடையாது. ஓர் இழைக்கு ஒரு மணி. கதிரின் அடிமணிகளின் இழைகள் முதலில் வெளிவரும், நுனிமணிகளுடையவை கடைசியில். வறட்சியில் நுனி பொக்கையாகிப் போவது இதனாலும்தான்: அந்த இழைகள் எட்டிப் பார்க்கும்போது மேலே மகரந்தம் தீர்ந்திருக்கும். மணி பிடித்ததா என்று அறிய இளங்கதிரின் உறையை இழை அறாமல் பக்குவமாகப் பிரித்து உலுக்கிப் பார்க்கலாம். சூல் கொண்ட மணியின் இழை தானே உதிரும். கொள்ளாத மணியின் இழை விடாமல் பற்றியிருக்கும்.

உச்சிப்பூவில் பார்த்த ஜோடி இங்கேயும் உண்டு. கதிரிலும் சிறுபூக்கள் இரண்டிரண்டாகவே பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மணி தருகிறது. ஆகவே மணி வரிசைகள் இரட்டைப்படையில் அமைகின்றன: 12, 14, 16 என்று. மெக்சிகோவில் பால்சாஸ் ஆற்றுப் படுகையில் இன்றும் முளைக்கிற தியோசிந்தே என்ற காட்டுப்புல்தான் இதன் மூதாதை. அதன் சிறு கதிரில் ஜோடியில் ஒன்று வளராமல் நின்றுவிடும். கல் போன்ற ஓட்டுக்குள் அடைபட்ட சில மணிகள் இரண்டே வரிசையில் இருக்கும். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் புல்லைப் பயிராக்கத் தொடங்கியவர்களின் தேர்வில், அடங்கிப்போன அந்த இரண்டாவது பூவும் மணி பிடித்தது, வரிசைகள் பெருகின, ஓடு விலகி மணி வெளியே வந்தது.

இதைச் சரிபார்க்கக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கடற்கரையில் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தருகிற கதிரிலேயே பார்க்கலாம். முதல் கடிக்கு முன்னால் கதிரின் நடுப்பாகத்தைச் சுற்றி வரிசைகளை எண்ணுங்கள். ஒற்றைப்படை வந்தால் கதிரைக் குறை சொல்லாதீர்கள். அநேகமாக எங்கே தொடங்கினோம் என்பதை நீங்கள்தான் மறந்திருப்பீர்கள்.