பள்ளிக்கு ஒரு வழி: கொச்சி யூதர் பாட்டு மரபுகள்

எங்கள் சபையின் இந்த மலருக்கு நான் எழுத வேண்டும் என்று செயலாளர் சொன்னபோது தயங்கினேன். சபையில் என்னைவிடக் கேள்வி ஞானம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தலைவர் ஐயாவே கூப்பிட்டு, "ஒற்றுமையைப் பற்றி எழுதுங்கள், பாட்டை வைத்து எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை.

எட்டு யூதப் பள்ளிகளின் (வழிபாட்டுக் கூடங்களின்) வரலாறும் ஷிங்கிலி (கொடுங்கல்லூர்) கதையும் நம் உறுப்பினர்களுக்குப் பாடம். யூதத் தலைவர் யோசேப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த செப்பேட்டையும் விளக்க வேண்டியதில்லை. அதிலுள்ள வட்டெழுத்தைப் பார்ப்பதற்கென்றே தமிழ்நாட்டிலிருந்து நண்பர்கள் வருகிறார்கள். அதில் அஞ்சுவண்ணம் (வணிகக் குழு) என்ற சொல்லைக் காட்டினால் முகம் மலர்ந்துபோகிறது. பாட்டையும் கேட்டுவிட்டுப் போங்கள் என்றால் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்கிறார்கள். அது போகட்டும்.

மட்டாஞ்சேரியில் பரதேசிப் பள்ளி, கடவும்பாகம், தெக்கும்பாகம். எர்ணாகுளத்தில் இன்னொரு கடவும்பாகம், இன்னொரு தெக்கும்பாகம். பிறகு பறவூர், சேந்தமங்கலம், மாளா. இவற்றைத் தவிர இருந்த பழைய கொச்சங்காடிப் பள்ளி போய்விட்டது. 1344-ஆம் ஆண்டைச் சொல்லும் அதன் கல் மட்டும் பரதேசிப் பள்ளிச் சுவரில் இருக்கிறது. மட்டாஞ்சேரியின் மூன்று பள்ளிகளும் ஒரே தெருவில் இருந்தன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வெற்றிலை போடும் நேரம்கூட ஆகாது. ஆனாலும் ஒரு பள்ளிப் பாட்டின் இழுப்பு அடுத்த பள்ளியில் இருந்ததில்லை.

ஆண்கள் பக்கத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன்; அது என் துறை இல்லை. ஷிங்கிலி முறை வழிபாட்டுப் பாடல்களை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டுக் கொண்டுவந்தார்கள். எபிரேய வரிகள் எல்லாருக்கும் பொது. மெட்டில்தான் வேற்றுமை. ஸ்பெயின், பாக்தாத், ஏமன் என்று வந்தவர்கள் கொண்டுவந்தது கொஞ்சம், இந்த மண்ணில் ஊறியது கொஞ்சம். கவி நெகேமியா மோத்தாவின் பாட்டுகளைப் பற்றி நம் துணைத்தலைவர் போன மலரிலேயே எழுதிவிட்டார். மட்டாஞ்சேரியில் இருக்கும் அவருடைய சமாதியில் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் மெழுகுவத்தி ஏற்றுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பம்பாய் பெனே இஸ்ரேல் யூதரின் மராத்திக் கீர்த்தனங்களும் கல்கத்தா பாக்தாதி யூதரின் முறையும் தனிக் கட்டுரை கேட்கும். அதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள்.

பெண்கள் பாட்டுக்கு வருகிறேன். கொச்சிப் பள்ளிகளின் கட்டுமானத்தில் ஒரு விசேஷம் உண்டு. கீழே நடுக்கூடத்தில் ஒரு வாசிப்பு மேடை. மாடியில், பெண்கள் உட்காரும் பகுதிக்கு முன்னால் இன்னொரு மேடை. விசேஷ நாட்களில் தோரா (வேத) வாசிப்பு மேல் மேடையில்தான். வேறு நாட்டு யூதப் பள்ளிகளில் இந்த அமைப்பைக் காண முடியாது. வாசிப்பு தங்கள் காதருகே நடந்ததால் பெண்களுக்கு எபிரேயப் பாட்டும் வசமானது என்பது என் கருத்து. ஆண்கள் எதிரில் பெண்கள் வாய் திறந்து பாடக்கூடாது என்ற கட்டுப்பாடு பல யூத சமூகங்களில் உண்டு. கொச்சியில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கல்யாணம், விருத்தசேதனம், பண்டிகை, புதுப் பள்ளி திறப்பு எல்லாவற்றுக்கும் அவர்களிடம் மலையாளத்தில் பாட்டு இருந்தது. பைபிள் கதைகள் இருந்தன. சில பள்ளிகளுக்கு அவை கட்டப்பட்ட கதையைச் சொல்லும் சொந்தப் பாட்டே உண்டு. எல்லாம் நோட்டுப் புத்தகங்களில். அம்மா எழுதியதை மகள் பார்த்து எழுதுவாள், மகள் எழுதியதைப் பேத்தி. 1970-களில் ஷெர்லி ஐசன்பர்க், பார்பரா ஜான்சன், நம் பி. எம். ஜூசே ஆகியோர் இந்த நோட்டுகளைத் தேடித் திரட்டியிராவிட்டால் இன்று பேசுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. 2005-இல் ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா காம்லியேலும் 'கார்குழலி' என்ற பெயரில் மலையாளமும் எபிரேயமுமாக ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். சபை நூலகத்துப் படி யாரிடமோ போய்த் திரும்பி வரவில்லை. எடுத்தவர் தயவுசெய்து கொடுத்துவிடவும்.

அந்த நோட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கண்ட ஒரு சங்கதிதான் தலைவர் ஐயா கேட்ட ஒற்றுமைக்கு நான் காட்டக்கூடிய ஆதாரம். பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த பரதேசி யூதப் பெண்களின் நோட்டிலும், அதற்கு முன்பே இங்கே வேரூன்றிய மலபாரி யூதப் பெண்களின் நோட்டிலும் இருப்பவை பெரும்பாலும் அதே பாட்டுகள்.

இது சாதாரண விஷயமில்லை. இரண்டு தரப்பும் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுக்காத காலம் அது. மலபாரிகளை முழு யூதர்களாக ஏற்கலாமா என்ற கேள்வி 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவிலிருந்த ரபி தாவீத் இப்னு சிம்ராவிடம் போயிற்று. சடங்கு முழுக்கு முடித்து ஏற்றுக்கொள்ளுங்கள், அவர்களுடன் கலக்கலாம் என்று அவர் தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு வந்து சேர்ந்தது, பெட்டிக்குள் போயிற்று. அடிமை வழியில் வந்து விடுதலை பெற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பரதேசிப் பள்ளிக்குள் பெஞ்சு கிடையாது, தரைதான். அப்படி ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்து சென்னையில் சட்டம் படித்து வந்த ஏ. பி. சேலம் (1882–1967) பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். பெஞ்சும் தோரா வாசிக்கும் உரிமையும் படிப்படியாகத்தான் கிடைத்தன. காந்தியவாதியான அவரை யூத காந்தி என்றே ஊர் அழைத்தது. இதையெல்லாம் மலரில் எழுத வேண்டுமா என்று யாராவது கேட்கலாம். பரதேசிப் பெரியவர்கள் மீது எனக்குள்ள மரியாதை ஒரு துளியும் குறையாது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கீழே பெஞ்சுக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது மேலே பெண்களின் நோட்டு இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யார் யாருக்குக் கொடுத்தார்கள், எந்தச் சமையற்கட்டு வழியாகப் போயிற்று என்று எந்த ஆவணமும் சொல்லாது. பாட்டு ஒன்றாக இருந்தது. ஆனால் பாடும் வழி ஒன்றாகவில்லை, ஆக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் இப்போது மறந்துபோனோம்.

எனக்கு இந்தப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்த டீச்சரைப் பற்றிச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. சபையின் மூத்தவர்கள் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள்தான். தந்தை வழியில் எர்ணாகுளம் கடவும்பாகம், தாய் வழியில் பறவூர். 1954, 55-இல் உறவினர்கள் மொத்தமாக இஸ்ரேலுக்குப் போனபோது இவர் குடும்பம் போகவில்லை. அங்கே நெவாத்திமிலும் மெசிலாத் சீயோனிலும் சித்திகள் இருந்தார்கள், கடிதம் வரும். மட்டாஞ்சேரித் தமிழனான எனக்கு அவர் வாசல் எப்படித் திறந்தது என்பது வேறு கதை.

நோட்டைத் தொட விடமாட்டார். பாட்டு முதலில் வாயில் ஏற வேண்டும், பிறகு கண்ணில் படலாம் என்பது அவர் சட்டம். நோட்டு அவருடைய அம்மாவுடையது. முன்பாதி பாட்டி கையெழுத்து. வரி பிரிக்காமல், உரைநடை போலத் தொடர்ந்து எழுதியிருக்கும். எங்கே மூச்சு விடுவது என்பது பாடத் தெரிந்தவருக்கு மட்டும் தெரியும். ஒரே கல்யாணப் பாட்டை டீச்சர் இரண்டு விதமாகப் பாடிக் காட்டுவார். தகப்பனார் வழியில் அடி முடிந்ததும் நிறுத்தி, அந்த இடைவெளியில் கைத்தட்டு விழும். தாயார் வழியில் நிறுத்தமே இல்லை; அடியின் கடைசி அசை அடுத்த அடிக்குள் வழுக்கிப் போகும், கைத்தட்டு அதன் மேலேயே விழும். நோட்டின் அட்டையில் ஒரு விரலால் தட்டிக்கொண்டு, முதலில் ஒன்று, உடனே மற்றது. எது சரி என்று கேட்டுவிட்டால் அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது.

ஒருமுறை மாளாப் பக்கத்து உறவுக்கார அம்மாள் வந்திருந்தார். அதே பாட்டை அவர் பாடும்போது ஓர் அடியில் வேறு சொல் வந்தது. நான் டீச்சர் முகத்தைப் பார்த்தேன். அவர் திருத்தவில்லை. முடிந்த பிறகு அந்த அடியை இன்னொரு முறை பாடச் சொன்னார். நோட்டை எடுத்து, ஓரத்தில் பென்சிலால் அந்தச் சொல்லை எழுதி, பக்கத்தில் 'மாளா' என்று போட்டார். தன் பாட்டியின் சொல்லை அடிக்கவில்லை. அந்த நோட்டில் இப்படிப் பென்சில் ஓரங்கள் நிறைய. சேந்தமங்கலம் என்று இருக்கும், தெக்கும்பாகம் என்று இருக்கும். வந்தவரை வழியனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "அவங்க வீட்டுக்குப் போனா அவங்க வழியில பாடு. தெரியலைன்னா கை மட்டும் தட்டு."

மேல்மாடி அமைப்பையும் நோட்டுகளையும் விட, இந்தப் பென்சில் ஓரத்தைத்தான் நான் ஒற்றுமை என்று மதிக்கிறேன். நான் அவர் மாணவன், பட்சபாதம் இருக்கும்; வாசகர்கள் கழித்துக்கொள்ளலாம்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. மேடையேறும் எல்லாரும் ஆர்வத்தோடுதான் ஏறுகிறார்கள், குரல் வளமும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் 'கொச்சி யூதப் பாட்டு' என்று அறிவித்துவிட்டு முதல் அடியை எர்ணாகுளம் வழியிலும் இரண்டாம் அடியைப் பறவூர் வழியிலும் மூன்றாம் அடியை யாருடைய வழியும் இல்லாத வழியிலும் பாடுவது என்ன நியாயம்? கேட்டால், பிரிவினை பேசாதீர்கள், எல்லாரும் ஒன்று என்கிறார்கள். எல்லாரும் ஒன்று என்பதற்காக எல்லா வீட்டுக் குழம்பையும் ஒரே அண்டாவில் கொட்ட வேண்டுமா?

நீளமான பாட்டில் நாலு அடி பாடிவிட்டுக் கைத்தட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். கல்யாணப் பாட்டில் நாலு அடிக்கு மணப்பெண் வாசல் வரைகூட வந்து சேரமாட்டாள். கையில் நகல் எடுத்த காகிதம். அந்தக் காகிதத்தில் யாரோ தட்டச்சு செய்த தவறு. அந்தத் தவறையே ஐந்து பேரும் சேர்ந்து, சுருதி பிசகாமல் பாடுகிறார்கள்! இப்போது காகிதமும் போய்க் கைப்பேசி வந்துவிட்டது. பாடிக்கொண்டிருக்கும்போதே அதில் அழைப்பு வருகிறது. போன வருஷம் ஒரு விழாவில் (நம் சபை விழா அல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன்) வாழ்த்துப் பாட்டின் நடுவில் சமையல் எரிவாயு முகமையின் அழைப்பு வந்தது. பாடகி அதைத் துண்டித்துவிட்டுத் தொடர்ந்தார். தொடர்ந்த இடம் வேறு பாட்டு. கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கைத்தட்டை இப்போது ஒரு தாளப் பெட்டி போடுகிறது. கையிருக்கும்போது பெட்டி எதற்கு? கிதார் வந்தது, பொறுத்துக்கொண்டோம். பாடும் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நிறச் சரிகை முண்டு வந்தது, அதையும் பொறுத்தோம். எந்தப் பள்ளியின் பாட்டு என்று அறிவிப்பாளர் சொல்வதே இல்லை. ஸ்பான்சர் பெயரை மட்டும் மூன்று முறை சொல்கிறார். 2,000-க்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு இஸ்ரேலுக்குப் போனபோதுகூட இந்தப் பாட்டுக்கு ஆபத்து வரவில்லை. நோட்டு பெட்டிக்குள் கூடவே போயிற்று, அங்கே பாட்டிமார் மறுபடி எடுத்துப் பாடினார்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகத்தின் உட்புற மரவேலையைக் கழற்றி எடுத்துப் போய் ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். 2019-இல் மழையில் இங்கே அதன் முன்சுவர் சரிந்தது. அதைக்கூட ஒரு நஷ்டம் என்று ஆற்றிக்கொள்ளலாம். நகல் காகிதம் செய்கிற நஷ்டத்துக்கு ஆறுதலே இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். மிகைப்படுத்துகிறேன் என்று பொருளாளர் சொல்வார். அவர் அந்த வாழ்த்துப் பாட்டைக் கேட்கவில்லை.

இளையவர்களை மட்டும் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விதிவிலக்காக ஓர் இளம்பெண் பாடக் கேட்டேன். சேந்தமங்கலம் வழியைப் பாடும் முன், இது நான் பதிவைக் கேட்டுப் பழகியது, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு பாடினார். பிழை இருந்தது. சொன்னோம். அடுத்த மாதம் திருத்திக்கொண்டு வந்தார். அவருக்கு சபை ஒரு சால்வையாவது போட்டிருக்க வேண்டும்.

சபை வெளியிடப் போகும் பாட்டுப் புத்தகத்துக்குச் செயற்குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. அதில் எல்லா வழிகளையும் சேர்த்து ஒரு 'பொதுப் பாடம்' தயாரிக்கலாம் என்ற யோசனை வந்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். யோசனை சொன்னவர் என் நண்பர், இருந்தாலும் வேண்டாம். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் எந்தப் பள்ளி என்று போடுங்கள். பாடபேதங்களைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாமல் அந்தந்த அடியின் ஓரத்திலேயே ஊர்ப் பெயரோடு அச்சிடுங்கள். ஓரம் அகலமாக இருந்தால் பக்கம் கூடும், காகிதச் செலவு கூடும் என்பது தெரியும். அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள டீச்சரின் மாணவர்கள் சிலர் தயாராக இருக்கிறோம். மெய்ப்பு பார்க்க மாளா, சேந்தமங்கலம் பாட்டுகளை அந்த வழி தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். எர்ணாகுளம் கடவும்பாகம் பகுதியை மட்டும் என்னிடம் கொடுத்தால் மழைக்காலத்துக்குள் பார்த்துத் தருகிறேன்.